வாடகை வரும் என்று நினைத்தேன்

ஒரகடம் பக்கம் மாதத்தின் ஐந்தாம் தேதி சாயங்காலம் வந்து பாருங்கள். லைன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எங்கள் ஓனரம்மா உட்கார்ந்திருப்பார். மடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு. மொத்தம் பத்து ரூம், ரூமுக்கு மூன்று நான்கு பசங்க. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறவன் ஷூவைக் கழற்றுவதற்கு முன்னால் வாடகையை எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நெல் விளைந்த இடத்தில் சிப்காட் வந்தது. மிச்சமிருந்த மனையில் அவர் ரூம் கட்டினார். உட்கார்ந்த இடத்திலிருந்து எழாமலே பணம் மடியில் வந்து விழுகிறதே என்று எனக்குத் தோன்றும்.

அந்த வரிசையில் எட்டு வருடம் நின்றவன் நான். சொந்த ஊர் வந்தவாசி பக்கம். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு, கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் ஒரு வெண்டார் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தேன். சம்பளம் வரும், ஆனால் ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போகும். ஓனரம்மாவின் நாற்காலிக்கு லீவே கிடையாது. அந்த நாற்காலி மேல் இருந்த பொறாமையில்தான் நான் இணையதளம் தொடங்கினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். உண்மை அதுதான்.

எனக்கு இங்கே மனை இல்லை. வண்டலூர் – வாலாஜாபாத் சாலையோரம் நிலம் இருக்கிறவர்கள் விளம்பரப் பலகை நட இடம் விட்டு வருடத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்கிறார்கள். அதுவும் இல்லை. ‘இணையத்தில் பலகை நட நிலம் வேண்டாம்; ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு டொமைன் பெயர் போதும், தூங்கும்போதும் பணம் வரும்’ என்று ஒரு வீடியோவில் ஒருவர் சொன்னார். பாசிவ் இன்கம் என்ற சொல்லை அன்றுதான் முதலில் கேட்டேன். அது 2016.

இத்தனை வருடத்தில் அந்தச் சொல்லில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஜிகினா என்று ஓரளவு தெரிந்துகொண்டேன். இதே ஆசையோடு என்னிடம் வந்து கேட்கும் தம்பிகள் அதிகமாகிவிட்டார்கள். எல்லாருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதிவிடுகிறேன்.

வெர்னியரில் தொடங்கியது

புதிதாக வரும் டிரெய்னி பசங்களுக்கு அளவெடுக்கச் சொல்லிக்கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. ஐ.டி.ஐ., டிப்ளமோ சர்டிஃபிகேட் இருக்கும். வெர்னியரைக் கையில் கொடுத்தால் கை நடுங்கும். ‘மெயின் ஸ்கேலில் 24 தாண்டியிருக்கு பார். வெர்னியர் ஸ்கேலில் 18-ஆவது கோடு நேராக நிற்குது. லீஸ்ட் கவுண்ட் 0.02 மி.மீ. பதினெட்டை அதால் பெருக்கு. 0.36. ஆக மொத்தம் 24.36. அதற்கு முன்னால் வாயை மூடி ஜீரோ எரர் பார்த்தாயா?’ இதையே ஒரு நாளைக்கு நாலு பேரிடம் சொல்வேன். ஒருவன், “அண்ணா, இத எழுதிக் குடுத்துடுங்கண்ணா” என்றான்.

அப்படித்தான் முதல் பதிவு. ஆலைக்குள் எடுத்த படம் ஒன்றுகூட அதில் கிடையாது. கேட்டில் செக்யூரிட்டி போன் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுவார். கம்பெனி டிராயிங் வெளியே போனால் வேலை போகும். பாரிமுனையில் ஒரு வெர்னியர் வாங்கி, ரூமில் டியூப்லைட் வெளிச்சத்தில் பழைய போல்ட், பேரிங் எல்லாம் வைத்துப் படம் எடுத்தேன். பிறகு மைக்ரோமீட்டர், கோ – நோ கோ கேஜ், டிராயிங் படிப்பது, டிரெய்னி இன்டர்வியூவில் கேட்கும் கேள்விகள் என்று தமிழில் வளர்ந்தது. இன்றைக்கு 212 பதிவுகள்.

எழுதத் தொடங்கியபோது அதில் விளம்பரமே போட முடியவில்லை. கூகுளின் ஆட்சென்ஸ் அன்று தமிழை ஏற்றுக்கொள்ளவில்லை. இந்தி 2014 கடைசியில் சேர்ந்தது, வங்காளம் 2017-இல். தமிழுக்கு 2018 பிப்ரவரியில்தான் கதவு திறந்தது. ஆக்ராவைச் சேர்ந்த அமித் அகர்வால் 2004-லேயே தொழில்நுட்ப வலைப்பதிவு தொடங்கி, இந்தியாவின் முதல் முழுநேர வலைப்பதிவர் என்று பெயர் எடுத்துவிட்டார். அவர் எழுதியது ஆங்கிலத்தில். அதே காலத்தில் தமிழில் நூற்றுக்கணக்கானோர் வலைப்பதிவு எழுதிக் குவித்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது கைக்காசு செலவழித்த ஆசை. தமிழில் எழுதினால் காசு வராது என்ற பேச்சு அந்தக் காலத்து மிச்சம். இப்போது வரும். எவ்வளவு என்பதுதான் கேள்வி.

கிளிக்குக்குக் காசு என்றால்

சாலையோரப் பலகைக்கு வாடகை மொத்தமாக. யார் பார்த்தார்கள், பார்த்தவன் கடைக்குப் போனானா என்று பலகைக்கு இடம் கொடுத்தவர் கவலைப்பட வேண்டாம். இணைய விளம்பரத்தில் கணக்கு வேறு. கோயில் வாசலில் நிற்கும் ஆட்டோக்காரர் ஒருவர் பயணியைக் குறிப்பிட்ட லாட்ஜில் கொண்டுபோய் இறக்கினால் கமிஷன் வாங்குகிறார் இல்லையா? வாசல் வரை ஆள் வந்தால் காசு. லாட்ஜ் போர்டைப் பார்த்ததற்கு இல்லை. கிளிக்குக்குக் காசு என்பது அதுதான்.

இந்த முறையைப் பெரிய அளவில் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் பில் கிராஸ். 1998-இல் அவருடைய கோ-டூ.காம் (GoTo.com) என்ற தேடல் தளத்தில், ‘இந்தச் சொல்லைத் தேடினால் என் கடை முதலில் வரட்டும், என் தளத்துக்கு ஓர் ஆள் வந்தால் இவ்வளவு தருகிறேன்’ என்று வியாபாரிகள் ஏலம் கேட்டார்கள். கூகுள் 2000 அக்டோபரில் ஆட்வேர்ட்ஸ் தொடங்கியது; 2002-இல் அதுவும் கிளிக் ஏலத்துக்கு மாறியது. அதுவரை விளம்பரம் தேடல் பக்கத்தில் மட்டும். 2003-இல் வந்த ஆட்சென்ஸ்தான் அந்த விளம்பரங்களை ஊரார் தளங்களுக்கும் கொண்டுவந்தது. தளம் நடத்துகிறவன் விளம்பரம் கேட்டுக் கடை கடையாக ஏற வேண்டாம். நாலு வரி நிரலைப் பக்கத்தில் ஒட்டினால், விளம்பரம் தானாக வந்து உட்காரும்.

எப்படி வருகிறது? குன்றத்தூரில் ஒரு பையன் போனில் என் மைக்ரோமீட்டர் பதிவைத் திறக்கிறான். பக்கம் முழுதாகத் திறப்பதற்குள், ‘இந்தப் பக்கம் எதைப் பற்றியது, படிப்பவர் எந்த ஊர், எந்த போன்’ என்ற தகவலோடு ஓர் ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. காய்கறி மண்டியில் ஏலம் விடுவது மாதிரிதான். ஆனால் கண் இமைப்பதற்குள். அதிகம் கேட்டவரின் விளம்பரம் அவன் கண்ணில் படும். விளம்பரதாரர் நூறு ரூபாய் கொடுத்தால், ஏறக்குறைய 68 ரூபாய் தளத்துக்காரருக்கு. மிச்சம் நடுவில் நிற்கும் கூகுளுக்கு.

ஒரு முக்கியமான மாற்றத்தைப் பழைய வீடியோக்கள் சொல்வதில்லை. ஆட்சென்ஸ் இப்போது முக்கியமாகக் கிளிக்குக்குக் காசு தருவதில்லை. 2023 நவம்பரில் அறிவித்து 2024 தொடக்கத்தில், விளம்பரம் கண்ணில் பட்டதற்குப் பணம் என்ற முறைக்கு மாறிவிட்டது. கிளிக்கும் விற்பனையும் விளம்பரதாரர் பக்கத்தில் இன்னும் கணக்கில் இருக்கிறது, அவர் ஏலத்தில் எவ்வளவு கேட்கிறார் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. ‘கிளிக் வாங்குவது எப்படி’ என்று சொல்லித்தரும் கோர்ஸுக்கு இன்றைக்குப் பணம் கட்டினால், போன வருடத்து பஸ் பாஸை வாங்குவதற்குச் சமம்.

நோட்டுக்குள் இருந்த லெட்டர்

2018 மே மாதம் மூன்றாவது முயற்சியில் என் தளத்துக்கு அனுமதி கிடைத்தது. முதல் மாத வருமானம் 43 சென்ட். அன்றைய கணக்கில் முப்பது ரூபாய் தேறாது. ரூமில் எல்லாரையும் எழுப்பிக் காட்டினேன். திரும்பிப் படுத்துக்கொண்டார்கள்.

பத்து டாலர் சேர்ந்ததும், ஆள் நிஜமாகவே அந்த முகவரியில் இருக்கிறாரா என்று பார்க்க ஆறு இலக்க எண் ஒன்றைத் தபாலில் அனுப்புவார்கள். இணையத்தில் எல்லாம் நொடியில் நடக்கும்போது இது மட்டும் சாதாரணத் தபால். நான்கு மாதத்துக்குள் அந்த எண்ணைப் பதியாவிட்டால் விளம்பரம் நிற்கும். எங்கள் லைன் வீட்டுக்குக் கதவு எண்ணே கிடையாது. நான் கொடுத்ததும் அரைகுறை முகவரி. ஆறு வாரம் ஆயிற்று, லெட்டர் வரவில்லை. இரண்டாவது முறை ஓனரம்மா பெயரைப் போட்டு, பக்கத்துப் பெட்டிக்கடையையும் அடையாளம் சேர்த்து விண்ணப்பித்தேன்.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி வாடகை கொடுக்கப் போனபோது, ஓனரம்மா நோட்டுக்குள்ளிருந்து ஒரு மடித்த தாளை எடுத்தார்.

“தம்பி, உன் பேருக்கு ஏதோ வெளிநாட்டு லெட்டர் வந்திருக்குப்பா. பத்து நாளாச்சு. கேஸு கீஸு எதனா?”

“கேஸ் இல்லம்மா. சம்பளம்.”

“எவ்ளோ?”

“பத்து டாலர்.”

அவர் கணக்குப் போடவில்லை. “சரி, வாடகைய எடு” என்றார்.

நூறு டாலர் சேர்ந்தால்தான் பணம் வெளியே வரும். 2019 ஜூன் முடிவில் அதைத் தாண்டினேன். ஜூலை கடைசியில் வங்கிக்கு வந்தது. மாதக் கணக்கு அடுத்த மாதம் முதல் வாரத்தில் முடிவாகி, 21-லிருந்து 26-ஆம் தேதிக்குள் பணம் கிளம்பும். இது வெளிநாட்டிலிருந்து வருகிற பணம், அதனால் வங்கிக் கிளையின் ஸ்விஃப்ட் கோடு வேண்டும். எதற்காக வந்த பணம் என்று வங்கியில் கேட்பார்கள். கவுன்டரில் இருந்த அக்கா, “உங்களுக்கு வெளிநாட்டுல யாரு இருக்காங்க?” என்று கேட்டார். யாரும் இல்லை, வெர்னியர்தான் இருக்கிறது என்று சொல்லத் தோன்றியது. விளம்பர வருமானம் என்று எழுதிக் கொடுத்தேன். வங்கிக் கழிவு போகக் கைக்கு வந்தது ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பதினாலு மாத உழைப்பு.

லைன் பசங்க செய்த உதவி

அந்த மாதம் லைனில் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். அதுதான் வினை. நன்றி காட்ட வேண்டும் என்று பசங்க முடிவு செய்திருக்கிறார்கள். நைட் ஷிஃப்டில் டீ பிரேக் வந்தால் நாலைந்து பேர் கேட்டுக்கு வெளியே போய், போனில் என் தளத்தைத் திறந்து, கண்ணில் பட்ட விளம்பரத்தை எல்லாம் கிளிக் செய்வது. “அண்ணனுக்கு ஒரு டீக்காசு” என்று அதற்குப் பெயர் வேறு வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியாது. கணக்கில் திடீரென்று எண்ணிக்கை ஏறியதைப் பார்த்து நானும் பூரித்துப்போனேன்.

மூன்று வாரத்தில் விளம்பரம் கட்டுப்படுத்தப்பட்டதாக அறிவிப்பு வந்தது. ஒரே இடத்திலிருந்து, ஒரே நேரத்தில், திரும்பத் திரும்ப வரும் கிளிக்குகளை இயந்திரம் கண்டுபிடித்துவிடும். அந்தக் காசு மொத்தமும் கழிக்கப்பட்டது. ஒரு மாதத்துக்கு மேல் பக்கங்கள் வெறுமையாகவே நின்றன. தப்பு முழுக்க எங்கள் பக்கம். யோசித்துப் பார்த்தால் அந்தக் கிளிக்குகளுக்குப் பணம் கட்டியவர் யாரோ ஒரு டியூஷன் சென்டர்காரர், யாரோ ஒரு டூல்ஸ் கடைக்காரர். வாங்கப்போகாத ஆள் நாற்பது பேரை அவர் கடைக்குள் தள்ளி, தலைக்கு இவ்வளவு என்று காசு கேட்டிருக்கிறோம்.

விதி எளிது. உங்கள் விளம்பரத்தை நீங்கள் தொடக் கூடாது. ‘விளம்பரத்தைக் கிளிக் செய்து ஆதரவு தாருங்கள்’ என்று எழுதக் கூடாது, சொல்லவும் கூடாது. தளத்தின் பெயரைச் சொந்தக்காரர்களிடம் சொல்லும்போதே இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். கணக்கை நிரந்தரமாக மூடிவிட்டால் அதே பெயரில் இன்னொன்று திறக்க முடியாது.

உள்ளபடி கணக்கு

இனி எல்லாரும் கேட்கும் கேள்வி. இவை என் தளத்தின் எண்கள், மற்றவர்களுக்கு மாறும்.

ஆயிரம் முறை பக்கம் பார்க்கப்பட்டால் பத்து கிளிக் விழும். கிளிக்குக்கு நாலு ரூபாய் என்றால் நாற்பது ரூபாய். காசு தரும் முறை மாறிய பிறகும் ஆயிரம் பார்வைக்கு முப்பத்தைந்து, நாற்பத்தைந்துக்குள்தான் ஓடுகிறது. என் வாழ்நாளின் சிறந்த மாதம் 2022 மே: 2,10,000 பார்வைகள், 9,450 ரூபாய். டிப்ளமோ பசங்க கேம்பஸ் இன்டர்வியூவுக்கு அலையும் நேரம் அது. தீபாவளியை ஒட்டி விளம்பரதாரர்கள் பையைத் திறப்பார்கள், கொஞ்சம் கூடும். ஜனவரியில் பொத்தென்று விழும்.

தமிழில் ஏன் இவ்வளவு குறைவு? ஏலத்தில் ஆள் குறைவு, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் காப்பீடு, கடன், சட்ட ஆலோசனை பற்றி எழுதும் பக்கத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு நிறைய செலவழிக்கத் தயாரான கம்பெனிகள் முட்டிமோதுகின்றன. மைக்ரோமீட்டர் படிக்கும் பையனின் சட்டைப்பையில் என்ன இருக்கும் என்று விளம்பரதாரருக்குத் தெரியாதா?

ஏழு வருடத்தில் மொத்தம் வந்தது சுமார் 3,10,000 ரூபாய். டொமைன், ஹோஸ்டிங் செலவு வருடத்துக்கு நாலாயிரம் வீதம், தளம் தொடங்கியதிலிருந்து ஒன்பது வருடத்துக்குக் கழித்தால் 2,74,000. ஒரு பதிவுக்கு ஐந்து மணி நேரம், பிறகு திருத்துவது, பழுது பார்ப்பது, பின்னூட்டத்தில் கேட்ட சந்தேகத்துக்குப் பதில் எழுதுவது எல்லாம் சேர்த்தால் இரண்டாயிரம் மணி நேரத்துக்குக் குறையாது. மணிக்கு 137 ரூபாய். சட்டப்படி ஓ.டி.க்கு இரட்டிப்புக் கூலி. அந்த நேரத்தை ஓ.டி.யில் போட்டிருந்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வந்திருக்கும்.

இதை நான் வருத்தத்தோடு சொல்லவில்லை. ஓ.டி. கேட்டபோதெல்லாம் கிடைப்பதில்லை, இது எப்போதும் கிடைத்தது. ஆனால் ‘தூங்கும்போது பணம்’ என்று சொல்கிறவரிடம் இந்த வகுத்தல் கணக்கை ஒருமுறை போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

நானும் ஏமாந்திருக்கிறேன். 2020-இல் ஒரு பயிற்சி நிலையத்துக்கு, ‘மாதம் ஒரு லட்சம்’ என்ற வாக்கை நம்பிப் பன்னிரண்டாயிரம் கட்டினேன். அவர்கள் சொல்லிக்கொடுத்தது, மற்றவர் கட்டுரையை எடுத்துச் சொல்லை மாற்றிப் போடுவது. அவர்களுடைய வருமானம் இணையதளத்திலிருந்து வரவில்லை, என்னிடமிருந்து வந்தது என்று புரிய மூன்று மாதமாயிற்று.

இன்னொரு விஷயம் தூக்கத்தைக் கெடுத்தது. என் பக்கத்தில் என்ன விளம்பரம் வரும் என்பது ஏலத்தின் முடிவு. ஒருநாள் இன்டர்வியூ கேள்விகள் பதிவுக்கு நடுவே ‘ஐந்து நிமிடத்தில் கடன்’ என்று ஒரு ஆப். இன்னொரு நாள், முன்பணம் கட்டினால் வேலை என்கிற ரகம். வேலை தேடி வரும் பையனை நானே பள்ளத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவது போல் இருந்தது. குறிப்பிட்ட விளம்பரதாரரையோ, கடன் போன்ற ஒரு வகையையோ முழுதாகத் தடுக்கக் கணக்கிலேயே வசதி இருக்கிறது. தடுத்தேன். அந்த மாதம் வருமானம் குறைந்தது. வாரம் ஒருமுறை என் தளத்தில் என்னென்ன விளம்பரம் ஓடியது என்று பார்த்துக் கழிப்பது இப்போது ஞாயிற்றுக்கிழமை வேலை. லைனில் ரிஜெக்‌ஷன் பின்னில் பீஸ் போடுகிற அதே கை.

ஒரே கஸ்டமர்

2023-க்குப் பிறகு என் பார்வைகள் இறங்கத் தொடங்கின. இப்போது மாதம் அறுபதாயிரம் பார்வை, இரண்டாயிரம் ரூபாய்ச் சொச்சம். பதிவுகள் அதேதான், வெர்னியரும் மாறவில்லை. மாறியது வாசலுக்கு வரும் பாதை.

என்னிடம் வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் கூகுள் தேடலில் வருகிறார்கள். 2024-இல் கூகுள், கேள்விக்கான பதிலைச் செயற்கை நுண்ணறிவால் தொகுத்துத் தேடல் பக்கத்தின் தலையிலேயே காட்டத் தொடங்கியது; அமெரிக்காவில் மே மாதம், இந்தியாவில் ஆகஸ்டில். லீஸ்ட் கவுண்ட் எவ்வளவு என்று கேட்டவனுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டால் என் பக்கத்துக்கு எதற்கு வர வேண்டும்? கேள்வியும் போயிற்று, ஏலமும் போயிற்று.

இது என் ஒருவன் கதை மட்டும் இல்லை. கூகுளின் தாய் நிறுவனம் ஆல்ஃபபெட்டின் ஆண்டுக் கணக்கில் இரண்டு வரிகளைப் பாருங்கள். பிறர் தளங்களிலும் செயலிகளிலும் காட்டும் விளம்பரத்தில் வந்த வருமானம் 2022-இல் 3,278 கோடி டாலர். 2024-இல் 3,036 கோடி. அதே இரண்டு வருடத்தில் கூகுளின் சொந்தத் தேடல் பக்க விளம்பரம் 16,245 கோடியிலிருந்து 19,808 கோடி டாலராக ஏறியது. தெருவில் கூட்டம் குறையவில்லை. கூட்டம் பெரிய கடைக்குள்ளேயே நிற்கிறது. தளங்கள் தங்கள் விளம்பர இடத்தை விற்கும் சந்தையில் கூகுள் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகம் வைத்திருக்கிறது என்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு கூட்டாட்சி நீதிபதி 2025 ஏப்ரலில் தீர்ப்பே எழுதினார்.

இதெல்லாம் எனக்கு எங்கேயோ பார்த்த படமாக இருந்தது. யோசித்தபோது பிடிபட்டது. இது ஸ்ரீபெரும்புதூர்க் கதை.

2006-இல் இங்கே நோக்கியா ஆலை வந்தபோது, அதற்குப் பொருள் செய்து கொடுக்கும் கம்பெனிகளும் அதே வளாகத்தில் வந்து உட்கார்ந்தன. 2014 நவம்பர் 1-ஆம் தேதி நோக்கியா உற்பத்தி நின்றது. அதை நம்பியிருந்த ஃபாக்ஸ்கான் பிரிவும் அதே டிசம்பரில் நின்றது. எங்கள் பக்கத்து ரூமில் இருந்த அண்ணன் ஒருவர் அந்த வளாகத்தில் வேலை பார்த்தவர். “மெஷின் நல்லாத்தான் ஓடுச்சு. வாங்குறவன் போயிட்டான்” என்று மட்டும் சொல்வார்.

வெண்டார் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது பாலபாடம். விலையை நாம் சொல்வதில்லை, கஸ்டமர் சொல்வான். ஷெட்யூலை அவன் மாற்றுவான். தரத்தை அவன் நிர்ணயிப்பான். ஒரு நாள் அந்தப் பாகத்தை அவனே செய்துகொள்ள முடிவெடுத்தால், நமக்கு ஒரு மெயில் வரும். விளம்பரத்தை நம்பிய இணையதளம் இதிலிருந்து ஒரு நூல்கூட விலகவில்லை. ஆள் அனுப்புகிறவரும் கூகுள், விளம்பரம் தருகிறவரும் கூகுள், பணம் கொடுக்கிறவரும் கூகுள். வாடகை வீடு கட்டியதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் பகலில் ஒரு வெண்டார் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, ராத்திரி இன்னொரு வெண்டார் கம்பெனியை நடத்திக்கொண்டிருந்தேன்.

வாடகை மட்டும் சும்மா வருகிறதா என்ன? 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கு 18,720 பேர் தங்கும் விடுதி திறந்தார்கள். அந்த வாரம் ஓனரம்மா முகம் வாடியிருந்தது. “இவ்ளோ பெருசா கவர்மென்டே கட்டிட்டா, நம்ம ரூமுக்கு யாருப்பா வருவா?” என்றார். பெண்கள் யாரும் அவர் வீட்டில் தங்கியதில்லை, இருந்தும் பயம். அப்போதுதான் நான் மற்ற இருபத்தொன்பது நாட்களை யோசித்தேன். போர் மோட்டார் எரிந்தால் மெக்கானிக் வீட்டு வாசலில் போய் நிற்பது அவர்தான். செப்டிக் டேங்க் லாரிக்குப் போன் போடுவது, குடித்துவிட்டுச் சண்டை போடுகிறவனை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மிரட்டுவது எல்லாம் அவர்தான். நான் ஐந்தாம் தேதி நாற்காலியை மட்டும் பார்த்தவன்.

தொடங்க நினைக்கிறவர்களுக்கு

தொடங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். இரண்டாயிரம் ரூபாய் ஊருக்கு அனுப்பும் பணத்தில் சேர்கிறது. அம்மாவின் பிரஷர் மாத்திரைக்குச் சரியாகப் போகிறது. எனக்குத் தெரிந்த நாலு விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன்.

உங்கள் கைக்குத் தெரிந்ததை எழுதுங்கள். வெல்டிங், ஃபோர்க்லிஃப்ட், சி.என்.சி., பெயின்ட் ஷாப், கேன்டீன் சமையல், எதுவானாலும் சரி. எந்திரம் தொகுத்துச் சொல்ல முடியாதது, நீங்கள் தப்புச் செய்து கற்றுக்கொண்ட இடம்தான். இன்றும் என் தளத்தில் ஆள் குறையாத பக்கம் ஒன்றே ஒன்று: வெர்னியரை எண்ணெய்க் கையோடு பிடித்தால் அளவு எப்படித் தப்பும் என்று நான் மாட்டிக்கொண்ட கதையோடு எழுதியது. செயற்கை நுண்ணறிவில் ஒரே நாளில் ஐந்நூறு கட்டுரை அச்சடித்துப் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தேடலை ஏய்ப்பதற்காக மொத்தமாக உற்பத்தி செய்யும் பக்கங்களைக் கூகுள் 2024 மார்ச்சில் குப்பை என்றே விதி எழுதி ஒதுக்கியது.

முதல் ஒரு வருடம் விளம்பரத்தைப் பற்றியே நினைக்காதீர்கள். ஆள் வந்தால் விளம்பரம் வரும். விளம்பரம் வைத்தால் ஆள் வர மாட்டார்கள்.

வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துப் படியுங்கள். வேறு வருமானம் கூடாது என்று இருந்தால் எச்.ஆரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கம்பெனி பெயர், படம், டிராயிங் எதுவும் வேண்டாம். வருகிற பணம் சிறிதானாலும் வருமான வரிக் கணக்கில் காட்டுங்கள். வங்கி வழியாக வருகிற பணம், மறைக்கவும் முடியாது, மறைக்கத் தேவையும் இல்லை.

கடைசியாக ஒன்று. ஒரே கஸ்டமரை நம்பாதீர்கள். போன வருடத்திலிருந்து வெர்னியர் பாடங்களைச் சின்னப் புத்தகமாக அச்சடித்து ஐம்பது ரூபாய்க்குக் கொடுக்கிறேன். இரண்டு ஐ.டி.ஐ. ஆசிரியர்கள் மொத்தமாக வாங்கினார்கள். அந்த நூறு புத்தகத்தில் அச்சுக்கூலி போக நின்றது, தளம் ஒரு மாதம் ஓடித் தந்ததைவிட அதிகம்.